நரம்புத் தடுப்பு ஊசியில் தூக்க மருந்து சேர்த்தல்

கையையோ காலையோ மட்டும் மரக்கச் செய்து அறுவை சிகிச்சை நடத்த, அதற்குரிய நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்துவது நரம்புத் தடுப்பு. மருத்துவமனைப் பேச்சில் ‘பிளாக்’. அம்மருந்தோடு சிறிதளவு தூக்க மருந்தும் கலந்தால் மரப்பு நெடுநேரம் நிற்கும்.

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கெய்னால் கண்ணை மரக்க வைத்தார். நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதை நரம்பருகே செலுத்திப் பார்த்தார். தம்மீதே சோதித்து அதற்கு அடிமையும் ஆனார். துணைமருந்து சேர்க்கும் வழக்கத்துக்கு வழி திறந்தவர் ஹைன்ரிக் பிரவுன். 1903இல் அவர் மரப்பு மருந்தில் அட்ரினலினைக் கலந்தார். இரத்தக்குழாய் சுருங்கியதால் மருந்து போட்ட இடத்திலேயே தங்கியது. காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கையை மரக்க வைக்கும் குலன்காம்ப் முறை 1911இல் வந்தது. கை எலும்பு முறிவுக்கு நம் ஊர்களில் இன்றும் போடுவது பெரும்பாலும் அதன் வழிவந்த ஊசிதான்.

ஆனால் புபிவக்கெய்ன் போன்ற நீடித்த மருந்தும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்; பகலில் அறுவை முடிந்தவருக்கு இரவில் வலி எழும். மூக்கடைப்புக்கென ஆக்கப்பட்டு, இரத்த அழுத்த மருந்தாக மாறிய, தூக்கமும் தரும் குளோனிடினை முதலில் சேர்த்துப் பார்த்தார்கள். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தார் 2005இல் 40 பேரிடம் மிடாசோலம் என்ற தூக்க மருந்தைச் சோதித்தனர், வலி குறைந்தது. விலங்குச் சோதனைகளில் அது நரம்பைக் கெடுக்கலாம் என்ற ஐயம் எழவே, ஆர்வம் தணிந்தது.

இன்று முன்னிற்பது டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்து. நரம்பு இழை ஒருமுறை துடித்தபின் மறுதுடிப்புக்கு ஆயத்தமாவதை இது தாமதப்படுத்துகிறது. 2012இல் வெளியான புனே ஆய்வில், கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வீதம் இதைச் சேர்த்தவர்களுக்குச் சராசரியாக 456 நிமிடமும் குளோனிடின் சேர்த்தவர்களுக்கு 289 நிமிடமும் வலியின்றி இருந்தது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்து முதுநிலை ஆய்வேடுகளிலும் இது அலுக்காத தலைப்பு. செலவு குறைவு, முடிவு ஒரே நாளில் தெரியும் என்பதே காரணமாக இருக்கலாம். ஆய்வுகள் பெருகிய அளவுக்கு, எவ்வளவு சேர்ப்பது என்பதில் தெளிவு பெருகவில்லை.

நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைவது இதன் முக்கியப் பக்கவிளைவு. அமெரிக்காவில் 1999இல் இதற்குக் கிடைத்த அனுமதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நரம்பு வழியாக அல்ல, சிரை வழியாகச் செலுத்தவே. நாடித்துடிப்பு குறையக்கூடும் என்பதால் இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.