இசைத்தட்டு இல்லாத வித்வான்

ஜாஸ் சங்கீதத்தைப் போல நாவல் எழுதிப் பார்க்கலாம் என்ற ஆசை மேல்நாட்டு எழுத்தாளர் பலருக்கு இருந்திருக்கிறது. அதில் மிகவும் பெயர் வாங்கியவர் அமெரிக்கரான ஜாக் கெருவாக். 1951-ல் அவர் காகிதங்களை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 120 அடி நீளச் சுருளாக்கி, அதை டைப்ரைட்டரில் மாட்டி, மூன்றே வாரத்தில் ஒரு நாவலை அடித்துத் தள்ளினார். சாக்ஸபோன் வாசிப்பவன் மூச்சு இருக்கிற வரையில் ஊதுவது போல, வாக்கியமும் மூச்சு இருக்கிற வரையில் ஓட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். 1957-ல் அந்த நாவல் அச்சாகிப் பிரசித்தி அடைந்தது. எனக்கு அதில் மூச்சின் நீளம் தெரிகிறது. சங்கீதம் அவ்வளவாகத் தெரியவில்லை. ஜாஸ் என்பது வேகம் மாத்திரம் அல்லவே! எல்லோருக்கும் தெரிந்த மெட்டு ஒன்று இருக்கிறது. வித்வான் அதைப் பற்றிக்கொண்டு அந்த க்ஷணத்தில் தமக்குத் தோன்றுவதை வாசித்துக்கொண்டு போகிறார். நம் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு அண்டை வீடு. தெரிந்த மெட்டுக்கும் தோன்றுகிற கற்பனைக்கும் நடக்கிற இழுபறியில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இந்த இழுபறியை நாவலுக்குள் கொண்டுவந்தவர் என்று நான் நினைப்பது மைக்கேல் ஒண்டாட்ஜேயை. 1943-ல் கொழும்பில் பிறந்து, பையனாக இங்கிலாந்து போய், பிறகு கனடாவில் குடியேறியவர். அவருடைய முதல் நாவலான 'கமிங் த்ரூ ஸ்லாட்டர்' 1976-ல் வெளிவந்தது. ஸ்லாட்டர் என்ற பெயரைப் பார்த்துக் கொலைக் கதையோ என்று பயப்பட வேண்டாம். அது லூயிஸியானா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. அந்த வழியாக அழைத்துப் போகப்பட்ட பட்டி போல்டன்தான் கதாநாயகர்.

போல்டன் நிஜ மனிதர். 1877-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். டிரம்பெட்டுக்குத் தம்பி என்று சொல்லத்தக்க கார்னெட் என்ற பித்தளை வாத்தியத்தை வாசித்தார். அவர் ஊதினால் மைல் கணக்கில் கேட்கும் என்று கேட்டவர்கள் சாதித்தார்கள். ஜாஸுக்கு ஆதிபுருஷர் அவரே என்று பின்னால் வந்த வாத்தியக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் நாம் கேட்பதற்கு ஒரு ஸ்வரம்கூட மிஞ்சவில்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-ல்தான் வந்தது. அதை வாசித்தவர்களும் வெள்ளைக்காரர்கள். போல்டன் கோஷ்டி மெழுகு உருளை ஒன்றில் வாசித்தது என்று ஒரு பேச்சு உண்டு, உருளை அகப்படவில்லை. மிஞ்சியிருப்பது மங்கிப்போன ஒரு போட்டோ. அதில் ஆறு பேர், ஒருவர் போல்டன்.

அவர் பெயர் அந்தக் காலத்துப் பத்திரிகையில் ஏறியது சங்கீதத்துக்காக அல்ல. 1906-ல் மாமியாரைத் தண்ணீர்க் கூஜாவால் மண்டையில் அடித்தார் என்று செய்தி போட்டார்கள். புத்தி பேதலிக்க ஆரம்பித்துவிட்டது. 1907 ஜூன் மாதம் ஜாக்ஸன் என்ற ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயது முப்பதுகூட நிரம்பவில்லை. 1931-ல் அங்கேயே இறந்தார். இடையில் இருபத்து நான்கு வருஷம். அதே நியூ ஆர்லியன்ஸில் பிறந்த லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928-ல் சிகாகோவில் இசைத்தட்டுக்கு வாசித்துக் கீர்த்தி பெற்றுக்கொண்டிருந்தபோது, போல்டன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தார்.

இப்படிப்பட்டவரைப் பற்றி எதை வைத்து நாவல் எழுதுவது? ஒண்டாட்ஜே பூர்த்தியான சரித்திரம் எழுத முயலவே இல்லை. அரைப் பக்கத்தில் ஒரு காட்சி, ஒரு கவிதை, ஆஸ்பத்திரிக் குறிப்பு, கிழ வாத்தியக்காரர் பேச்சு, பெயர்ப் பட்டியல் என்று துண்டு துண்டாகப் போகிறது புத்தகம். 'அவன்' என்று போய்க்கொண்டிருந்த கதை, முன்னறிவிப்பு இல்லாமல் 'நான்' ஆகிவிடுகிறது. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருபது பக்கம் தாண்டியதும் இதற்கு ஒரு காலப்பிரமாணம் இருப்பது புலப்பட்டது. அதே நகரத்தில் ஜான் ரோபிஷோ என்பவர் எழுதி வைத்த ஸ்வரத்தைப் பார்த்துக் கணக்காக வாசிக்கிற கோஷ்டி நடத்தினார். அவருடைய வால்ட்ஸ் எங்கே போய் முடியும் என்று சபைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்பதுதான் நாவலில் போல்டனுக்குக் குறை. புத்தகமும் போல்டன் கட்சிதான். ஒரு துண்டு முடிந்தால் அடுத்தது எங்கே என்று சொல்ல முடியாது.

மெட்டு எது என்றால், 'ஜாஸ்மென்' என்ற 1939-ஆம் வருஷத்துப் புத்தகம் பரப்பிய ஐதிகம். போல்டன் பகலில் க்ஷவரம் செய்கிறவர், ஊர் வம்பு அச்சடிக்கும் பத்திரிகை ஒன்றை நடத்தியவர் என்றது அது. ஒண்டாட்ஜே அதை அப்படியே எடுத்துக்கொண்டார். 1978-ல் டொனால்ட் மார்க்விஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் போல்டனைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊர்க் குறிப்பேடுகளையும் தஸ்தாவேஜுகளையும் துருவிப் பார்த்ததில் க்ஷவரத் தொழிலும் இல்லை, பத்திரிகையும் இல்லை என்று ஆயிற்று.

இதனால் நாவலுக்கு நஷ்டம் இல்லை என்பது என் கட்சி. க்ஷவரக் கத்தியும் கார்னெட்டும் ஒரே கையில் இருப்பது கதைக்கு வேண்டியிருந்தது. பெலாக் விஷயத்தையும் பொறுத்துக்கொள்வேன். அவர் நியூ ஆர்லியன்ஸ் தாசிகளைப் படம் பிடித்த நிஜமான போட்டோகிராபர். அவருடைய பெயர்பெற்ற படங்கள் சுமார் 1912-ல் எடுத்தவை. அப்போது போல்டன் ஆஸ்பத்திரியில். இருவரும் பழகியதற்குச் சான்று இல்லை. நாவல் அவர்களைச் சிநேகிதராக்கி, பெலாக்கைத் தீக்கு இரையாக்குகிறது. நிஜ பெலாக் 1949 வரையில் உயிரோடிருந்தார்.

நோராவைப் பற்றித்தான் என்னால் சமாதானம் அடைய முடியவில்லை. போல்டனோடு குடித்தனம் நடத்திக் குழந்தை பெற்ற நோரா பாஸ் நிஜமாகவே இருந்தவள். நாவலில் அவள் முன்னாள் விலைமகள். பெயரும் அதே பெயர். புத்தகத்தில் தேதிகளையும் மனிதர்களையும் கதைக்காக மாற்றியிருப்பதாக ஆசிரியர் ஒளிக்காமல் சொல்லித்தான் இருக்கிறார். போல்டனுக்காவது ஐதிகம் இருந்தது. மாற்றி வாசிக்க மெட்டு இருந்தது. நோராவுக்கு என்ன இருந்தது? பெயரையாவது மாற்றியிருக்கலாம். ஒரு வரி வேலை.

கடைசிப் பக்கங்களில் ஆசிரியரே நுழைந்து, போல்டனுக்குப் புத்தி பேதலித்த வயதும் தம் வயதும் ஒன்று என்கிறார். போட்டோவைப் பார்த்து எழுத உட்கார்ந்தவரின் பயம் அங்கே தெரிகிறது. அதற்காகவே நான் அதை இரண்டாம் தடவையும் படித்தேன்.

போல்டனை ஏழைகள் புதைக்கப்படும் ஹோல்ட் மயானத்தில் அடையாளம் இல்லாமல் புதைத்தார்கள். 1998-ல் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.