ஹோப்பி மட்பாண்டக் கலை

அமெரிக்காவின் அரிசோனா மாநில வடகிழக்கு மேட்டுநிலங்களில் வாழும் ஹோப்பி மக்களின் மட்பாண்டங்கள் சக்கரமின்றி உருவாகின்றன. களிமண்ணைத் திரியாகத் திரித்து, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, கூழாங்கல்லால் மெருகேற்றி, யக்கா இலையின் நாரைத் தூரிகையாக்கித் தீட்டுகிறார்கள். 1300 அளவில் நிலக்கரியால் சுடத் தொடங்கியபோது, இங்குள்ள சாம்பல்நிற மண் மஞ்சளாக வெந்தது. அந்த மஞ்சள் பரப்பில்தான் சிக்யாட்கி என்ற ஊரின் புகழ்பெற்ற பாணி வளர்ந்தது: பறவை, இறகு, பூச்சி ஆகியவை பாதி உருவமும் பாதி வடிவியலுமாகச் சமச்சீரைத் துணிந்து மீறி நிற்கும். ஸ்பானியர் வருகைக்குப் பின் இப்பாணி தேய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட, வெடிப்போடிய வெள்ளைப் பூச்சுள்ள போலக்கா கலங்களில் அண்டை சூனி மக்களின் சாயலே மிகுதி.

1895இல் தொல்லியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் சிக்யாட்கியை அகழ்ந்தார். அங்கே வேலை செய்த லெசோவின் மனைவியும் குயவருமான நம்பேயோ அக்கலங்களைக் கண்டு பழம்பாணிக்கு உயிரூட்டினார் என்பது பரவலான கதை. இது பொருந்தவில்லை. பழைய ஓடுகள் அவ்வட்டாரத் தரையெங்கும் கிடந்தன. வணிகர் தாமஸ் கீம் அதற்கு முன்பே பழங்கலங்களைப் போலச் செய்துதரக் குயவர்களைக் கேட்டு வந்தார். அந்த அகழ்வு குயவர்களுக்கு மாதிரிகளைப் பெருக்கியிருக்கலாம். அதுவே மறுமலர்ச்சிக்கு வித்திட்டது என்பது மிகை.

அப்படியானால் அது வெறும் சந்தை நகல்தானே எனலாம். நம்பேயோ பழங்கலங்களின் வடிவங்களை நகலெடுத்தார் என ஃப்யூக்ஸே எழுதினார். சந்தையின் பங்கை மறுப்பதற்கில்லை. ஃபிரெட் ஹார்வி நிறுவனம் 1905இல் கிராண்ட் கேன்யனில் திறந்த ஹோப்பி இல்லத்தில் நம்பேயோ பயணிகள் முன்னிலையில் வனைந்தார். ஆனால் நகல் என்ற சொல் அவர் வேலைக்குப் போதாது. சிக்யாட்கியின் சிறந்த ஓவியங்கள் பல கிண்ணங்களின் உட்புறத்தில் இருந்தவை. நம்பேயோவோ துண்டு ஓடுகளில் கண்ட கோடுகளையும் சிறகுகளையும் அகன்ற, தாழ்ந்த தோளுடைய ஜாடியின் வெளிவளைவுக்கேற்பப் புதிதாகக் கோத்தார். சுடுவதற்கு இப்போது ஆட்டுச் சாணம். ஆடோ ஸ்பானியரோடு வந்தது. நம்பேயோவும் தாய்வழியில் தேவா இனத்தவர். அவருடைய முன்னோர் 1700ஐ ஒட்டி ரியோ கிராண்டே ஆற்றுப் பகுதியிலிருந்து வந்து ஹோப்பி நிலத்தின் ஹானோ என்ற ஊரில் குடியேறியவர்கள். அதனால் நம்பேயோவின் வேலை ஹோப்பிக் கலை அல்ல என்றால், சூனிச் சாயலுள்ள போலக்காவையும் விலக்க வேண்டும். பிறகு மிஞ்சுவது அருங்காட்சியகச் சிக்யாட்கி மட்டுமே.

முதுமையில் நம்பேயோவின் பார்வை மங்கியது. அவர் வனைந்தவற்றுக்கு மகள்கள் வண்ணம் தீட்டினர். 1942இல் அவர் காலமானார். அவருடைய வழித்தோன்றல்கள் இன்றும் வனைகிறார்கள்.