மனநல சிகிச்சையில் மருத்துவர்களின் தொடர் கல்வி: ஆரணிப் பகுதி நோயாளர்களும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மனநோய்களுக்கான சிகிச்சை முறைகள் ஆண்டுதோறும் மேம்பட்டு வருகின்றன. எனவே ஒரு மருத்துவர் கல்லூரியில் கற்றதோடு நில்லாமல் பணிக்காலம் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். இதுவே தொடர் மருத்துவக் கல்வி எனப்படுகிறது. இந்தக் கல்வியில் உங்கள் மருத்துவர் எவற்றைக் கற்கிறார் என்பதை நீங்களும் அறிந்திருந்தால், சரியான சிகிச்சையைக் கேட்டுப் பெறவும் அதனைப் பாதியில் கைவிடாமல் தொடரவும் இயலும். அதற்கு உதவுவதே இப்பக்கத்தின் நோக்கமாகும்.

தொடர் கல்வி ஏன் தேவைப்படுகிறது?

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்திற்கு ஒதுக்கப்படும் காலம் சில வாரங்களே. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் மருத்துவரிடம் மனச்சோர்வு, பதற்ற நோய், மதுப்பழக்கம், வலிப்பு, மனச்சிதைவு ஆகிய பாதிப்புகளுடன் நோயாளர்கள் நாள்தோறும் வருகின்றனர். பெங்களூரு தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் 2015-16-ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்வதாகக் கண்டறிந்தது. பரவலாகக் காணப்படும் மனநலப் பாதிப்புகள் உடையோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் அது தெரிவித்தது. கணக்கெடுப்பு நடைபெற்ற 12 மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று.

ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பதே நாட்டின் நிலை. ஆகவே பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்து, மனநல சிகிச்சையை மக்களின் ஊருக்கு அருகிலேயே கிடைக்கச் செய்வது அரசின் கொள்கையாக உள்ளது. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. மருத்துவ அலுவலர்களுக்குப் பயிற்சி அளிப்பது மாவட்டத் திட்டத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 31-ஆம் பிரிவு இதனைச் சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ளது. அரசு மருத்துவ நிலையங்களிலும் சிறைகளிலும் பணியாற்றும் மருத்துவ அலுவலர்கள் அனைவருக்கும், அடிப்படை மற்றும் அவசர மனநல சிகிச்சை அளிப்பதற்கான பயிற்சியை அரசு வழங்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது.

ஆரணியில் இதன் பயன் என்ன?

பட்டு நெசவுக் குடும்பங்களில் கணவன், மனைவி, பெரியவர்கள் என அனைவரின் உழைப்பும் ஒரே தறியைச் சார்ந்திருக்கும். ஒருவர் நோயுற்றால் பாவு நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ சென்று வர ஒரு நாள் முழுவதும் செலவாகும். நோயாளருடன் துணைக்குச் செல்பவரின் கூலியும் அன்று இழப்பாகும். முதல் இரண்டு மாதங்கள் தவறாமல் சென்று, பின்னர் நின்றுவிடுவோர் பலருக்கும் இதுவே காரணம். பயிற்சி பெற்ற மருத்துவர் அருகிலேயே இருந்தால், மனநல மருத்துவர் தொடங்கி வைத்த சிகிச்சையை உள்ளூரிலேயே தொடரலாம். நோய் மாறும்போதும் சிக்கல் எழும்போதும் மட்டும் வெளியூர் சென்றால் போதுமானது.

மருத்துவர் கற்பவையும் உங்களுக்கு அவற்றின் பொருளும்

1. உடல் வலிக்குப் பின்னுள்ள மனச்சோர்வைக் கண்டறிதல்

மனச்சோர்வு உடையவர்களில் பலர் “மனது சரியில்லை” என்று கூறுவதில்லை. தலைவலி, முதுகுவலி, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை, தூக்கமின்மை என்றே கூறுவர். குழித்தறியில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு முதுகுவலி இயல்புதான் என்று எண்ணி, வலி மாத்திரையோடு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். எனவே உறக்கம், பசி, ஆர்வம், வேலைத்திறன் ஆகியவற்றையும் மருத்துவர் கேட்டறியப் பயிற்றுவிக்கப்படுகிறார். அவர் கேட்கவில்லையெனில் நீங்களே கூறுங்கள். “முன்பு ஒரு சேலையை முடித்த நாட்களில் இப்போது பாதிகூட முடிவதில்லை”, “இழை அறுந்தாலும் கவனிப்பதில்லை” என்பன போன்ற தகவல்கள் நோயின் அளவை மருத்துவருக்குத் தெளிவாக உணர்த்தும்.

2. போதிய அளவு, போதிய காலம்

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் முழுப் பயன் தருவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பத்து நாட்களில் குணம் தெரியவில்லை என்று நிறுத்துவது தவறு. குணமடைந்த பின்னரும் 9 முதல் 12 மாதங்கள் வரை தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பொது மருத்துவர்களுக்கு வழங்கும் வழிகாட்டுதல். மனச்சிதைவு போன்ற நோய்களில், முதன்முறை நோயுற்றவரும் குணமடைந்த பின் குறைந்தது ஓராண்டு மருந்தைத் தொடர வேண்டும். திருமணம் பேசும் வேளையில் மருந்தை மறைப்பதும் திடீரென நிறுத்துவதும் நம் பகுதிகளில் காணப்படுகின்றன. நோய் மீண்டும் வருவதற்கு இது பெரும் வாய்ப்பளிக்கும். நிறுத்த வேண்டுமெனில் மருத்துவரிடம் கூறிச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

3. தூக்க மாத்திரைகளில் எச்சரிக்கை

டையசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற மாத்திரைகள் விரைவில் அமைதி தரும். ஆனால் மனச்சோர்வை அவை குணப்படுத்துவதில்லை. 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் எடுத்தால் பழக்கமாகிவிடக்கூடும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்குவதைத் தவிர்க்கவும். நெடுநாள் எடுத்து வருபவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்பதால், படிப்படியாகக் குறைக்க மருத்துவரின் உதவியை நாடவும்.

4. பக்கவிளைவுகளைத் தொழிலோடு சேர்த்துப் பார்த்தல்

மருந்தால் ஏற்படும் சோர்வும் கைநடுக்கமும் பலருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றலாம். மெல்லிய பட்டிழைகளைப் பிணைப்பவருக்கு அதுவே வருவாய் இழப்பாகும். விசைத்தறியில் பணிபுரிபவருக்கு விபத்தாகவும் முடியலாம். இக்காரணத்தால் சிலர் எவரிடமும் கூறாமல் மாத்திரையை விட்டுவிடுகின்றனர். உங்கள் தொழில் என்ன என்பதை முதல் நாளே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்து எடுக்கும் நேரத்தை இரவுக்கு மாற்றுவது, அளவைக் குறைப்பது, வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பது எனப் பல வழிகள் உள்ளன.

இருதுருவ மனநிலைக் கோளாற்றுக்கு லித்தியம் எடுப்பவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். இம்மருந்தின் அளவை இரத்தப் பரிசோதனை மூலம் அவ்வப்போது அறிய வேண்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும் தேவை. முதுகுவலிக்கு எடுக்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. கோடை வெயிலில் நீர்ச்சத்துக் குறைவது, வயிற்றுப்போக்கு, நீர் அருந்தாத விரதம் ஆகியவையும் அவ்வாறே. வாந்தி, கடும் நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

ஓலன்சபின் போன்ற மருந்துகளால் உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் உயரலாம். குளோசபின் எடுப்பவருக்கு வெள்ளணுப் பரிசோதனை கட்டாயம். கருவுறும் வயதிலுள்ள பெண்களுக்கு வால்புரோயேட் பொதுவாகத் தவிர்க்கப்பட வேண்டியது, அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். எனினும் கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் தாமாகவே எம்மருந்தையும் நிறுத்திவிடாமல் அன்றே மருத்துவரை அணுகவும்.

5. மதுவைத் திடீரென நிறுத்துவதன் ஆபத்து

நாள்தோறும் மிகுதியாக மது அருந்துபவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் அடைத்து வைத்து நிறுத்த முயல வேண்டாம். மருத்துவமனையில் உரிய மருந்துடனும் தயமின் ஊசியுடனும் பாதுகாப்பாக நிறுத்த இயலும்.

6. தற்கொலை எண்ணத்தைக் கேட்டறிதல்

“வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என மருத்துவர் கேட்டால் தவறாக எண்ண வேண்டாம். இக்கேள்வி அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. மாறாக, பாரத்தை இறக்கி வைக்க வழி செய்கிறது. குடும்பத்தாரும் இதனை நேரடியாகவும் கனிவாகவும் கேட்கலாம். அவ்வெண்ணம் உள்ளவரைத் தனியே விடாமலும், பூச்சிமருந்து, மாத்திரைகள் போன்றவற்றை அவருக்கு எட்டாமலும் வைத்திருப்பது உயிர் காக்கும்.

மருத்துவரைக் காணும்போது செய்ய வேண்டியவை

• இதுவரை எடுத்த எல்லா மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லவும். நாட்டு மருந்து எடுத்தால் அதனையும் கூறவும்.
• நோயாளரின் உறக்கம், உணவு, பேச்சு, வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை குறித்து வைக்கவும்.
• நோயாளர் மருத்துவரிடம் தனியே பேச வாய்ப்பளிக்கவும். குடும்பத்தார் முன் கூற முடியாதவை பல உண்டு.
• இந்நான்கு கேள்விகளைக் கேட்கவும்: இது என்ன நோய்? இம்மருந்தை எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்? எந்தப் பக்கவிளைவு தோன்றினால் உடனே வர வேண்டும்? மருந்து தவிர ஆலோசனை சிகிச்சை உண்டா?
• கோயில், தர்கா, தேவாலய வழிபாடு மன ஆறுதல் தருமெனில் அதனைத் தொடரலாம். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

உங்கள் மருத்துவர் “மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன்” என்று கூறினால், அவருக்குத் தெரியவில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். எப்போது அனுப்ப வேண்டும் என்பதும் அவர் கற்கும் பாடமே. இரண்டு மருந்துகளை உரிய அளவில் எடுத்தும் பயன் இல்லாதபோதும், குழந்தைகள், கருவுற்றோர், உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ளோர் ஆகியோருக்கும் மனநல மருத்துவரின் கருத்து தேவைப்படும்.

உங்கள் உரிமைகள்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாமல் உயிரிழந்தனர். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இச்சட்டத்தின்படி:

• அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் நிலையங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை.
• நோய் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும்.
• எவ்வகை சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கலாம்.
• மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி மின்னதிர்வு சிகிச்சை அளிக்கக் கூடாது.
• தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்பட மாட்டார். எனவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தாமதிக்க வேண்டாம்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

தற்கொலை முயற்சி அல்லது அதற்கான ஏற்பாடு, பிறரைத் தாக்கும் நிலை, பல நாட்கள் உணவும் நீரும் மறுத்தல், காய்ச்சலுடன் உடல் விறைப்பு, வலிப்பு, திடீர் மனக்குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு விரையவும்.

எங்கே அணுகலாம்?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஆரணி அரசு மருத்துவமனையையோ அணுகவும். மாவட்ட மனநலக் குழுவினரை எந்த நாளில், எங்குக் காணலாம் என்பதை அங்கு கேட்டு அறியவும். மேல் சிகிச்சைக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம். தறியை விட்டு எழ இயலாத நாளிலும் இவ்வெண்ணை அழைக்கலாம்.

மருத்துவர் பெறும் பயிற்சி, நோயாளர் தொடர்ந்து வரும்போதுதான் முழுப் பயன் தரும். குறித்த நாளில் வர இயலாவிட்டால் மறுநாள் வாருங்கள். சில மாதங்கள் விட்டுப்போயிருந்தாலும் தயங்காமல் வாருங்கள். விட்ட இடத்திலிருந்து சிகிச்சையை மீண்டும் தொடங்க இயலும்.