கூத்துக் களரியும் பிழை திருத்தும் மரபும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல் நிலத்தை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்து கிடப்பது படுவான்கரை. பெரியகல்லாறு எழுவான்கரையைச் சேர்ந்த ஊர். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த அவ்வூரையும் அயலூர்களையும் உள்ளடக்கிய இந்நாட்டில், உழவும் மீன்பிடியும் தொழிலாகக் கொண்ட மக்கள் தம் ஓய்வுப் பொழுதில் வளர்த்த கலை கூத்தாகும். வடமோடி, தென்மோடி என இருவகைப்பட்ட அக்கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். கூத்தைத் தொழிலாகக் கொள்ளாத அவ்வூரவரின் ஆட்டத்தைத் திருத்தியவர் யாவர், எப்பொழுது திருத்தினர், திருத்தப்பட்டோர் அதனை எங்ஙனம் ஏற்றனர் என்னும் வினாவும் வரலாற்று மாணவர் கருதத்தக்கதே.

கூத்தொன்றை ஆடுவதென ஊர் முடிவு செய்தபின் முதலில் நிகழ்வது சட்டங்கொடுத்தல். ஏட்டிலிருந்து அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் பிரித்தெழுதப்பட்ட பகுதியே சட்டம் எனப்படும். அண்ணாவியாரும் ஊர்ப் பெரியோரும் கூடியிருந்து, குரலும் உடற்கட்டும் நோக்கி, இன்னார்க்கு இன்ன வேடம் என வரையறுப்பர். அரச வேடம் விரும்பி வந்த இளைஞன் காவலன் வேடத்துடன் வீடு திரும்புதலும் உண்டு. விமரிசனம் என்று பிற்காலத்தார் வழங்கும் செயலின் முதற்படி இதுவே. கலைஞன் ஓர் அடிதானும் எடுத்து வைக்குமுன் அது தொடங்கிவிடுகின்றது.

அதன்பின் பல திங்கள் இரவுதோறும் பயிற்சி நடைபெறும். பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் உழைத்தவர் இரவிலே தாளக்கட்டுப் பழகுவர். அடிப்படை ஆட்டம் அமையும்வரை காலில் சதங்கை கட்டுதல் இல்லை. சதங்கையணிதல் என்பது தனிச் சடங்கு. ஆடுவோன் இனி ஊரவர் பார்வைக்கு உரியவன் என்பதற்கு அது அறிகுறி. இதனைத் தொடர்வது கிழமைக்கூத்து. கிழமைக்கு ஒருமுறை, வேட உடையின்றி, கற்றவரையில் ஆடிக் காட்டுவர். ஊரார் சூழ்ந்திருந்து பார்ப்பர். அவருள் முன்னாளில் அதே வேடத்தை ஆடியோரும் இருப்பர். தாளம் தப்பினால் மத்தளம் காட்டிக் கொடுக்கும்; சொல் தப்பினால் ஏடு பார்ப்பவர் எடுத்துக் கொடுப்பார்; நிலை தப்பினால் முதியவர் ஒருவர் எழுந்து வந்து ஆடியே காட்டுவார். இறுதியில் அடுக்குப்பார்த்தல்: முழுக்கூத்தையும் முறைப்படி ஆடிப் பார்த்துக் குறைகளைக் களைதல். இத்தனைக்கும் பிறகுதான் அரங்கேற்றம்.

இவ்வொழுங்கில் ஒன்று நன்கு புலனாகின்றது. குறை கூறும் கட்டங்கள் யாவும் அரங்கேற்றத்துக்கு முன்னரே வைக்கப்பட்டுள்ளன. அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சுற்றி அமரும் மக்கள் மாலையிட்டும் பரிசில் வழங்கியும் மகிழ்வர். அடுத்த நாள்களில் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடி அன்பளிப்புப் பெறுவர். திருத்துவதற்கு இடமுள்ளபொழுது திருத்தமும், இடமற்றபொழுது பாராட்டும் என்பதே ஊர் கண்ட முறை. அன்றியும், குறை சொல்பவர் அக்கூத்துக்குப் புறம்பானவர் அல்லர். கூத்துக் கெடின் கெடுவது அவருடைய ஊர்ப் பெயருந்தான். களரியிலே கடுஞ்சொல் கேட்ட இளைஞன் மறுநாளும் பயிற்சிக்கு வந்தமைக்கு இதனைவிட வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

நகரத்துக் கலையுலகோடு ஒப்பிடின் இதன் தன்மை மேலும் தெளிவாகும். 1920ஆம் ஆண்டளவில் இலங்கைக்குச் சித்திரப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் வின்சர் புதிய ஓவிய நெறியை இளைஞர்க்கு அறிமுகம் செய்தார். கலைக்கல்லூரி செல்லாது தாமே பழகிய ஜோர்ஜ் கீற்றின் ஓவியங்களை, 1930இல் கொழும்பிலிருந்த சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா பாராட்டி எழுதினார். ஆயினும் பிரித்தானியரின் பழஞ்சுவையையே அளவுகோலாகக் கொண்டிருந்த இலங்கைக் கலைச் சங்கத்தாரோடு புதிய ஓவியர் ஒத்துப்போதல் இயலவில்லை. 1943ஆம் ஆண்டு ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் இல்லத்தில் கூடி ‘43 குழு’ என்னும் தனிக்குழு அமைத்தனர். அங்கே தீர்ப்பு, படம் முடிந்து சட்டமிட்டுச் சுவரில் தொங்கிய பின் வந்தது. ஏற்றல் அல்லது விலக்கல் அன்றி நடுவழி இல்லை. விலக்கப்பட்டோர்க்குத் தனிக்குழுவே புகலிடமாயிற்று. ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசும் அத்தகைய நட்புக்குழு ஏறத்தாழ ஒரு களரியே எனலாம்.

வென்ட் நினைவாக எழுந்த அரங்கில் 1956ஆம் ஆண்டு பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. தமிழ்க் கூத்தோடு உறவுடைய சிங்கள நாடகம மரபைத் தழுவிய அந்நாடகம் பெற்ற வெற்றி தமிழறிஞரையும் தூண்டிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைத் தேடி வந்தார். அவர் முயற்சியால் 1962இல் ‘கர்ணன் போர்’, அதன்பின் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலி வதை’ எனக் கூத்துகள் மாணவரால் ஆடப்பெற்றன. விடியவிடிய ஆடிய கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கியது. வட்டக்களரி ஒருமுகப் படச்சட்ட மேடையாயிற்று. கற்றோர் இழிவாக எண்ணிய கலைக்கு இதனால் வந்த மதிப்புச் சிறிதன்று. மட்டக்களப்பார் அதனை நன்றியோடு நினைப்பதும் தக்கதே.

எனினும் திருத்தும் அதிகாரம் இடம் மாறியதையும் வரலாறு குறித்தல் வேண்டும். நெறியாளர் ஒருவர் கண்ணே ஊரார் கண்ணுக்குப் பதிலாயிற்று. பல்கலைக்கழகத்துப் பயிற்சியில் அண்ணாவியார் இருந்தார்; கிழமைக்கூத்து இருக்கவில்லை. மண்டபத்து இருளில் அமர்ந்த அவை கைதட்டலாம். எழுந்து சென்று காலை மாற்றி வைத்துக் காட்டல் இயலாது.

பழைய முறையைக் குறையற்றதெனப் போற்றுதலும் பொருந்தாது. பெண் வேடத்தையும் ஆண்களே பூண்ட களரியில் பெண்களின் கருத்துக்குச் சட்டங்கொடுப்போர் இடம் கொடுத்திலர். முதியவர் சொல் பல இடங்களில் இறுதிச் சொல்லாயிற்று. ஆட்டத்தைத் திருத்திய அவர் ஏட்டைத் திருத்த ஒருப்படவில்லை. போர்க்காலத்தில், இரவில் கூடுதலே அச்சத்துக்குரியதானபொழுது, பல திங்கள் நீளும் பயிற்சியும் பல ஊர்களில் தளர்ந்தது.

2000ஆம் ஆண்டுக்குப் பின், கிழக்குப் பல்கலைக்கழகத்துச் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்னும் பணியைத் தொடங்கினார். கூத்தை ஊரிலிருந்து எடுத்துச் செல்லாது, ஊரிலேயே வைத்து, ஆடுவோரும் பார்ப்போரும் கூடி உரையாடும் முறை அது. முதியவரும் தொடாதிருந்த ஏடே இப்பொழுது ஆய்வுக்குள்ளாயிற்று. பெண்ணையும் சாதியையும் பற்றி அதில் வந்த பகுதிகள் கேள்விக்குரியனவாயின. அண்ணாவியார் சிலர் தயங்கினர். சிலர் புதிய அடிகளைத் தாமே கட்டித் தந்தனர். அவ்வுரையாடல் நிகழ்ந்த கட்டம், சட்டம் எழுதிக் கொடுக்கப்படுவதற்கும் முற்பட்டது.