இருமுனை மனநோய்: காப்பகத்திலிருந்து வீட்டுக்குச் சென்ற ஒருவரின் வரலாறு



நம் நாட்டில் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னால் பலருக்கு ஊர் நினைவுக்கு வருவதில்லை. கேலிதான் நினைவுக்கு வருகின்றது. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பவேண்டும்" என்று பள்ளித் திடலில் ஒரு மாணவன் இன்னொருவனைப் பார்த்துக் கத்துவதை ஆசிரியப் பணியில் உள்ள பலரும் கேட்டிருப்பர். ஈப்போவுக்கு அருகில் உள்ள அவ்வூரில் 1911இல் மைய மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1971இல் அதற்கு 'பஹாகியா' மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறிய பின்னும் கேலி மாறவில்லை!

அப்படிப்பட்ட மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தவர்களுள் ஒரு பகுதியினர் இன்று நாம் இருமுனை மனநோய் என்று குறிப்பிடும் நோயால் வருந்தியவர்கள். இந்நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு காலத்தில் உள்ளம் எல்லை மீறிக் கிளர்ந்தெழும்; நோயாளிக்கு உறக்கம் தேவைப்படாது; பேச்சு ஓயாது; கையில் உள்ள பணம் கரையும்; தம்மால் ஆகாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் மேலோங்கும். இன்னொரு காலத்தில் அதே மனிதர் படுக்கையை விட்டு எழ இயலாத சோர்வில் ஆழ்ந்துவிடுவார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் அவர் நம்மைப் போலவே வேலைக்குச் செல்வார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார், திருமண வீட்டில் பந்தி பரிமாறுவார். இந்த இடைப்பட்ட நாள்களே இந்நோயின் வரலாற்றில் மிகுதியும் மறக்கப்பட்டவை. இவர்களுக்கு இடையிடையே அடைக்கலம் தேவைப்பட்டது. காப்பகங்களோ வாழ்நாள் முழுவதற்குமான அடைப்பாகவே பெரும்பாலும் அமைந்துவிட்டன.

மருந்து இல்லாத அக்காலத்தில் காப்பகம் தரக்கூடியவை சுவர், உணவு, உறக்கம், தோட்டவேலை என்ற அளவிலேயே இருந்தன. அவற்றையும் எளிதாக எண்ணிவிடக்கூடாது. கோலாலம்பூரில் இருந்த பித்தர் காப்பகத்தில் 1905ஆம் ஆண்டு வில்லியம் ஃபிளெச்சர் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். அங்குத் தங்கியிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவுக்கு நம்மவர் உண்ணும் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி நோய் பரவிப் பலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களிடையே அது பரவவில்லை. உணவிலுள்ள ஒரு சத்துக் குறைவால் நோய் வரும் என்னும் அறிவியல் உண்மைக்கு இந்த ஆய்வு பெருந்துணை புரிந்தது. நம் புழுங்கலரிசிக்கு உலக மருத்துவ வரலாற்றில் இடம் கிடைத்ததில் மகிழலாம். ஆனால், அந்த அரிசியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தட்டின் முன் அமர்ந்தவர்களுக்கு இருக்கவில்லை.

இருமுனை நோய்க்கு முதல் மருந்து கிடைத்த கதைக்கும் நம் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைத்தான் இன்று சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஜான் கேய்ட் 1912இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் மருத்துவர். முதல் உலகப்போரில் பணியாற்றித் திரும்பியபின், தந்தை அரசாங்க மனநல மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்தார். ஆகவே கேய்ட் சிறுவயதில் வளர்ந்ததே மருத்துவமனை வளாகங்களில்தான். நோயாளிகளை அவர் அச்சத்தோடு பார்த்துப் பழகவில்லை. அண்டை வீட்டாரைப் போலப் பார்த்துப் பழகினார். இந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப்போரில் இராணுவ மருத்துவராக 1941இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. கேய்ட் சாங்கியில் மூன்றரை ஆண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். அங்கு மனநிலை பாதிக்கப்பட்ட கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. மருந்தும் உணவும் அற்ற அந்த முகாமில் நோயாளிகளை உற்றுப் பார்ப்பது ஒன்றே அவரால் இயன்றது. மனம் கிளர்ந்தெழும் நோய்க்கு உடலில் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே காரணமாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு அவர் 1945இல் மெல்பர்னுக்குத் திரும்பினார்.

மெல்பர்னின் வடபுறத்தில் உள்ள புந்தூராவில் பழைய மாளிகை ஒன்று இருக்கின்றது. பந்தயக் குதிரைகளை வளர்த்த செல்வக் குடும்பம் ஒன்றுக்கு உரியதாக இருந்த அந்த இடத்தை, முதல் உலகப்போருக்குப் பின் அரசாங்கம் வாங்கியது. போரிலிருந்து உடலும் உள்ளமும் நொந்து திரும்பியவர்கள் பண்ணை வேலை செய்து தேறுவதற்கான இல்லமாக முதலில் நடத்தியது. பின்னர் அதையே முன்னாள் படைவீரர்களுக்கான மனநல மருத்துவமனை ஆக்கியது. அங்குத் தங்கி நாற்பது வயதைக் கடந்து முதுமையை எட்டியவர்களும் உண்டு. இந்த மருத்துவமனையில்தான் கேய்ட் பணியில் அமர்ந்தார்.

ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க ஒன்று அவரிடம் இருக்கவில்லை. பயன்படாமல் கிடந்த ஒரு சிறு சமையற்பொருள் அறையே அவரது ஆய்வுக்கூடம். நோயாளிகளின் சிறுநீர்க் குப்பிகள் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் உணவுப் பொருள்களோடு இருந்தன என்று அவர் குடும்பத்தார் கூறியிருக்கின்றனர். (அவருடைய துணைவியாரின் பொறுமைக்குத் தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம்!) அச்சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி வழியே செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தின் பங்கை ஆராய விரும்பியபோது, அது நீரில் எளிதில் கரையவில்லை. கரையும் வடிவம் வேண்டி லித்தியம் அடங்கிய உப்புச் சேர்மத்தைப் பயன்படுத்தினார். பின்னர் லித்தியத்தை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்தபோது, துள்ளித் திரியும் அந்தச் சிறு விலங்குகள் மல்லாக்கக் கிடத்தினாலும் அசையாமல் கிடந்தன. அவர் தேடிய நச்சுப்பொருள் கிடைக்கவே இல்லை. தற்செயலாகச் சேர்த்த உப்பே மருந்தாயிற்று. அதை நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே உட்கொண்டு பார்த்தார்.

முதல் நோயாளி 51 வயது முன்னாள் படைவீரர். தொடர்ந்து ஐந்து ஆண்டுகளாக ஓயாத கிளர்ச்சி நிலையில் இருந்தவர். கிழிப்பதும் உடைப்பதும் குறுக்கிடுவதுமாக, அந்தக் கூடத்திலேயே கவனிப்பதற்கு மிகக் கடினமானவர் என்று பெயர் எடுத்தவர். 1948 மார்ச் 29ஆம் நாள் அவருக்கு லித்தியம் கொடுக்கத் தொடங்கினர். மூன்றே வாரங்களில், தேறியவர்கள் தங்கும் கூடத்துக்கு அவரை மாற்ற முடிந்தது. ஜூலை 9ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினர். தம் பழைய வேலையிலும் அவர் மீண்டும் சேர்ந்தார். 1949 செப்டம்பர் 3ஆம் நாள் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கேய்ட் எழுதிய கட்டுரையில், கிளர்ச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளும் தேறியது பதிவாகியுள்ளது.

மருத்துவ நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்கின்றன. வரலாறு படிப்பவர்கள் அடுத்த பத்தியையும் படிக்கவேண்டும். அதே கட்டுரையிலேயே அது இருக்கின்றது.

வீட்டுக்குச் சென்றவர் மருந்தை விட்டு விட்டு உண்டார். பிறகு அடியோடு நிறுத்தினார். அவர் எரிச்சல் கொள்வதையும் நிலை தடுமாறுவதையும் குடும்பத்தார் கண்டனர். ஆறு வாரங்களுக்கு மேல் அவர் மருந்தே தொடவில்லை என்று அவர்கள் தெரிவித்தனர். 1949 ஜனவரி 30ஆம் நாள் மீண்டும் புந்தூராவில் சேர்க்கப்பட்டார். இரண்டு வாரங்களில் மறுபடியும் தேறினார். வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பத் தக்கவர் என்று கட்டுரை அவரைப் பற்றிய குறிப்பை முடிக்கின்றது. ஆனால், 1950 மே மாதத்தில் லித்தியம் உடலில் நஞ்சாகி அவர் இறந்தார்.

மருந்தை உட்கொள்ளாதபோது நோய் திரும்பியது; உட்கொண்டபோது அம்மருந்தே உயிரைப் பறித்தது. இவ்விரண்டுக்கும் காரணம் அவருடைய பொறுப்பின்மை என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1948 ஜூலையில் அவர் வெளியே வந்தபோது அவரிடம் இருந்தது நாளுக்கு இருமுறை மருந்து உண்ணவேண்டும் என்னும் அறிவுரை மட்டுமே. சுவருக்குள் இருந்தவரை மருந்தை எடுத்துக் கொடுக்க, உறக்கத்தைக் கவனிக்க, மாற்றத்தைக் கண்டதும் மருத்துவரிடம் சொல்ல ஆள்கள் இருந்தனர். வாயிலைத் தாண்டியதும் அத்தனை பேரின் வேலையும் அவர் ஒருவர் தலையிலும், ஒன்றும் கற்பிக்கப்படாத குடும்பத்தின் தலையிலும் விழுந்தது.

லித்தியம் எவ்வளவு கண்காணிப்பு வேண்டும் மருந்து என்பதை உலகம் மெல்ல மெல்லவே கற்றுக்கொண்டது. மெல்பர்னைச் சேர்ந்த நோவாக், டிரௌட்னர் ஆகிய இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுத்து, 1951இல் தங்கள் அனுபவத்தை வெளியிட்டனர். டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கோ 1954இல் முறையான ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அவருடைய தம்பியும் மனச்சோர்வால் வருந்தியவர். நோய் திரும்பாமல் தடுக்கவும் இம்மருந்து உதவும் என்று 1960களில் ஸ்கோவும் பாஸ்ட்ரப்பும் காட்டினர். அமெரிக்கா 1970இல்தான் இதற்கு ஒப்புதல் அளித்தது. இன்று நோய் திரும்பாதிருக்கப் பெரும்பாலும் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.6 முதல் 0.8 மில்லிமோல் என்ற அளவில் லித்தியத்தை நிறுத்திவைக்க முயல்கின்றனர், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. கடும் வயிற்றுப்போக்கு, உடலில் நீர் வற்றுதல், சில வலி நிவாரணி மாத்திரைகள், சில இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை அந்த அளவை உயர்த்திவிடும். நம் வெயிலில் நோன்பிருப்போரும் திடலில் வேலை செய்வோரும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டிய செய்தி இது. சிறுநீரகத்தையும் தைராய்டு சுரப்பியையும் குறித்த கால இடைவெளியில் சோதித்துக்கொள்வதும் கட்டாயம். இத்தனை கட்டுப்பாடுகள் இருந்தும் இம்மருந்தை மருத்துவர்கள் கைவிடவில்லை. நோய் திரும்புவதைக் குறைப்பதோடு, தற்கொலை எண்ணிக்கையையும் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதே அதற்குக் காரணம்.

இதனால்தான் பெரிய காப்பகத்துக்கும் தனி வீட்டுக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பல நாடுகளில் இடைத்தங்கல் இல்லங்கள் என்ற பெயரில் அவை இயங்குகின்றன. நல்ல இல்லம் ஒன்றில் நடப்பவை கேட்பதற்கு மிகச் சிறியவை. ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் எழுவது, சமையலில் பங்கெடுப்பது, மருந்துப் பெட்டியை முதலில் பணியாளர் பார்க்க, பின்னர் தாமே நிரப்பக் கற்பது, இரத்தச் சோதனை நாளை நாள்காட்டியில் குறிப்பது, செலவுக் கணக்கு எழுதுவது, வேலைக்குப் போய் மாலையில் திரும்பி வருவது. இருமுனை நோயில் உறக்கம் குறைவதே கிளர்ச்சியின் முதல் அறிகுறியாகப் பல வேளைகளில் அமைகின்றது. மூன்று இரவுகள் தொடர்ந்து ஒருவர் அறையில் விளக்கு எரிந்தால், அதைக் கவனிக்கக்கூடிய இன்னொருவர் அதே கூரையின் கீழ் இருக்கின்றார். எனக்குத் தெரிந்தவரையில் இதற்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

நம் நாட்டில் பினாங்குப் பொது மருத்துவமனையில் 1958இல் மனநலப் பிரிவு தொடங்கப்பட்டது. ஊரைவிட்டு வெகுதொலைவு அனுப்பாமல் அருகிலேயே மருத்துவம் பார்க்கும் வழி அதனால் பிறந்தது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடப்புக்கு வந்தபோது, மனநல மருத்துவமனைகளோடு மனநலப் பராமரிப்பு இல்லங்களுக்கும் சமூக மனநல மையங்களுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. 'மென்தாரி' என்னும் பெயரில் இயங்கும் அரசாங்க மையங்கள் தேறியவர்களுக்கு வேலைப் பயிற்சியும் தொடர் கவனிப்பும் அளிக்கின்றன. ஆயினும் அவை பகலில் சென்று திரும்பும் இடங்களே. இரவு தங்குமிடங்கள் அல்ல. தங்குமிடத்தைப் பொறுத்தவரை நம் குடும்பங்கள்தாம் இன்னும் பெரும்பாலும் இல்லமாகவும் பணியாளராகவும் இருந்து வருகின்றன. அத்தகைய வீட்டிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால், முந்தைய இரவு அவ்வீட்டில் யார் விழித்திருந்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிய வாய்ப்பில்லை. 'தஞ்சோங் ரம்புத்தான்' கேலி அப்பிள்ளையின் காதில் எப்படி விழும் என்பதையாவது நாம் மாணவர்களிடம் பேசலாம்.

கேய்ட் 1952இல் மெல்பர்னின் ராயல் பார்க் மனநல மருத்துவமனைக்குத் தலைவரானார்; 1980இல் காலமானார். புந்தூரா மருத்துவமனை 1993இல் மூடப்பட்டது. அந்தப் பழைய மாளிகை இப்பொழுது ஓவியக்கூடமாக இருக்கின்றது.