இருபத்தோரிலக்க எண்ணொன்றின் வரலாறு

மரேன் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, 1644இல் பாரிசில் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் ஒரு பட்டியலைத் தந்தார். இரண்டின் வலுவொன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வரும் எண், அவ்வலு 257 ஈறாக, எவ்விடங்களில் முதன்மை எண்ணாகும் என்பதே அது. சான்று தரப்படவில்லை. பட்டியலிலுள்ள பதினொரு வலுக்களுள் 67உம் ஒன்று; அதற்குரிய எண் 147573952589676412927 ஆகும். சோதித்தல் அரிதாகையால் துறவியின் சொல் இருநூறாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

1876இல் பிரான்சின் எடுவார்ட் லூக்கா, இது முதன்மை எண்ணன்று, சேர்த்தி எண்ணே என நிறுவினார். வியப்பு யாதெனின், அதன் காரணி ஒன்றையேனும் அவர் காட்டினாரல்லர். காரணிகளைத் தேடாமலே, மீதிகளின் போக்கைக் கொண்டு எண்ணின் வகையைத் துணியும் முறை அவருடையது. ஓரெண் பிளவுபடும் என அறிதல் வேறு, எவ்வாறு பிளவுபடும் என அறிதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நாம் கண்டிலோம்.

1883இல் இவான் பெர்வூசின் 61ஆம் வலுவுக்குரிய எண் முதன்மையென நிறுவியபின், 61 என்பதே 67 எனப் பிழையாக அச்சேறியதோ எனச் சிலர் ஐயுற்றனர். 89, 107 ஆகியனவும் பட்டியலில் விடுபட்டுள்ளமையால், அச்சகத்தார்மேற் பழி சுமத்துதல் பொருந்தாது.

1903 ஒக்டோபரில், நியூயோர்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முன், பிராங்க் நெல்சன் கோல் காரணிகளை வெளியிட்டார்: 193707721, 761838257287. அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையிற் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்னும் கதை நெடுங்காலத்தின் பின் எழுதப்பட்டது. அதனை வரலாறாகக் கொள்ளத் தயங்குகின்றோம். அவரது உழைப்போ ஐயத்துக்கு இடமற்றது. இவ்வெண்ணின் காரணி எதனையும் 134ஆல் வகுத்தால் ஒன்றே மீதியாதல் வேண்டும். 135, 269, 403 எனச் செல்லும் அவ்வரிசையிலே சிறிய காரணி நிற்பது 1,445,580ஆவது இடத்தில்.