தேவாலா: தங்கம் போன பின்னும் நிற்காத மழை

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூர் போகிற சாலையில் தேவாலா இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பு அது; அதற்கப்பால் மலை சரிந்து நிலம்பூர்ச் சமவெளிக்கு இறங்கிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் வானிலை அறிக்கை கேட்பவர்கள் அனைவருக்கும் இந்தப் பெயர் பழக்கம். தமிழ்நாட்டில் அதிக மழை பதிவான இடங்களைச் சொல்லும்போது சின்னக்கல்லாறு, வால்பாறை, அவலாஞ்சி ஆகியவற்றோடு தேவாலாவும் வந்துவிடும். மழைக்கு வெளியே இன்று அந்தப் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. 1880இல் அதே பெயர் லண்டன் பங்குச் சந்தையில் தங்கத்துக்காக அடிபட்டது.

தங்கத்தின் ஊர் மழையின் ஊராக மாறிய கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் பங்குச் சந்தை மோசடியோடு நிறுத்திக்கொண்டார்கள். அது பாதிக் கதைதான். அங்கே தங்கம் இருப்பதாகக் காட்டியதிலும், வந்தவர்களைத் தோற்கடித்ததிலும், விட்டுப்போன குழிகளை ஆபத்தாக மாற்றியதிலும் மழைக்குப் பங்குண்டு. அந்த ஆபத்தின் மேல் வாழ்கிறவர்களில் பலர், மழை பொய்த்த கரிசல் நாட்டிலிருந்து ஒரு காலத்தில் புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் இளையரசனேந்தல் வட்டாரத்துக் கரிசலில் ஆண்டு முழுவதும் சேர்ந்து எழுநூறு மில்லிமீட்டர் பெய்தால் நல்ல வருஷம் என்பார்கள். தேவாலாவின் ஆண்டு மழை சராசரியாக 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டிவிடும். மேகத்தைப் பார்த்துக் கும்பிடுகிற ஊரிலிருந்து போகிறவருக்கு, மழை விட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஊர் புரியச் சற்று நேரம் பிடிக்கும்.

ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஓடைகளில் மக்கள் தங்கம் அரித்திருக்கிறார்கள். குறும்பர், பணியர், நிலம்பூர்ப் பக்கத்து மாப்பிள்ளைமார் ஆகியோர் அதில் ஈடுபட்டதைப் பழைய அரசுப் பதிவுகள் சொல்கின்றன. கருவி எளிமையானது: மரத்தைக் குடைந்து செய்த ஆழமில்லாத மரவை. மழை மலையை அரிக்கும். ஓடை கனமானதையும் லேசானதையும் பிரிக்கும். வெள்ளம் வடிந்த பிறகு வண்டலை மரவையில் அள்ளிச் சுழற்றினால் அடியில் துகள் தங்கும். மழைதான் அங்கே முதல் சுரங்கத் தொழிலாளி. மண்ணுக்கு உரிமை கொண்டாடிய ஜன்மிக்கு அதில் பங்கு போனது. அரித்தவருக்குக் கூலி அளவுக்கு மிஞ்சியது. 1790களில் பம்பாய் அரசு இதைப் பற்றி விசாரித்தது. 1831இல் லெப்டினன்ட் நிக்கல்சன் நேரில் வந்து ஆராய்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லாபம் தரும் தொழிலாக அது படவில்லை என்பதால் விஷயம் கிடப்பில் போனது.

அடுத்து வந்தது காப்பி. தேவாலாவையும் உள்ளடக்கிய அன்றைய வயநாட்டின் காடுகளை அழித்துத் துரைமார்கள் போட்ட தோட்டங்களுக்கு 1860களில் தண்டு துளைப்பான் வந்தது. பிறகு இலைத்துரு நோய். தோட்டங்கள் கடனில் மூழ்கியிருந்த அந்த நேரத்தில்தான் தங்கப் பேச்சு மறுபடி கிளம்பியது. இதைக் கவனிக்க வேண்டும்: தங்கத்தை நம்பியவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் நிலத்தை எப்படியாவது தலையில் கட்டிவிட வேண்டியிருந்த காப்பித் தோட்டக்காரர்கள். 1874இல் ஆல்ஃபா கம்பெனி தேவாலாவுக்கு அருகே வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் அறிக்கை தந்தார். 1877இல் நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு ஆகிய தென்கிழக்கு வயநாட்டுப் பகுதிகள் மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. இளையரசனேந்தல் குறுவட்டம் வருவாய்க் கணக்கில் கோவில்பட்டிக்குப் போய், ஊராட்சிக் கணக்கில் குருவிகுளம் ஒன்றியத்திலேயே பல ஆண்டுகள் நின்ற அலைச்சலை அனுபவித்தவர்களுக்கு, எல்லைக் கோடு மாறினால் மக்களுக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வயநாட்டிலும் ஆட்சி மாறியது, நில உரிமை மாறவில்லை. நிர்வாகம் உதகைக்குப் போனது. ஜன்மம் என்னும் பரம்பரை நில உரிமை நிலம்பூர்க் கோவிலகத்திடமே இருந்தது. அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை இந்திய அரசு வரவழைத்தது. 1880இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, சோதித்த கல்லில் டன்னுக்குச் சராசரியாக 7 பென்னிவெயிட், அதாவது ஏறத்தாழ 11 கிராம் தங்கம் கிடைப்பதாகச் சொன்னது. லண்டனில் அதற்கு முன்பே கிளம்பியிருந்த மோகத்துக்கு அது தூபம் போட்டது. 1879 டிசம்பரிலிருந்து 1881 ஆகஸ்டுக்குள் 41 கம்பெனிகள் பதிவாயின. காகிதத்தில் அவற்றின் மூலதனம் சுமார் 50 லட்சம் பவுண்டு. தேவாலா மொயார், இந்தியன் ஃபீனிக்ஸ், இந்தியன் கிளென்ராக் என்று பெயர்கள் முளைத்தன. நோயில் செத்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்கள் கற்பனைக்கு எட்டாத விலைக்குக் கைமாறின. பந்தலூரில் கடைத்தெரு, தபால் நிலையம், குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் வந்தன.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அரைத்த கல்லில் அறிக்கை சொன்ன தங்கம் வரவில்லை. பல இடங்களில் டன்னுக்கு மூன்று பென்னிவெயிட்டைக்கூடத் தொடவில்லை. 1901இல் ஹேடன், ஹாட்ச் இருவரும் நிலவியல் துறைக்காக எழுதிய வயநாட்டுத் தங்கவயல் ஆய்வு, அந்தத் தொழிலின் மரண அறிக்கையாகவே படிக்கத் தக்கது.

ஏன் இந்த வித்தியாசம்? மோசடியும் அனுபவமின்மையும் இருந்தன. மண்ணின் காரணம் ஒன்றும் உண்டு. இந்தப் பகுதியின் வெண்கல் படுகைகளில் தங்கத்தின் பெரும்பகுதி இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் தாதுவுக்குள் அடைபட்டிருக்கிறது. மேற்பரப்பில் மழைநீரும் காற்றும் அந்தப் பைரைட்டை அரித்துத் துருவாக்கிவிட, உள்ளே இருந்த தங்கம் விடுபட்டுக் கல்லின் மேல் பகுதியில் தனியாக நிற்கும். சோதனைக்கு எடுக்கப்பட்ட மேற்பரப்புக் கல் நல்ல கணக்குக் காட்டியதில் வியப்பில்லை. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே மழையின் வேலை எட்டாத கல்லில், அன்றைய இடிப்பு எந்திரமும் பாதரசமும் தங்கத்தைப் பிடிக்க முடியாமல் திணறின. பல நூறாயிரம் ஆண்டு மழை மேற்பரப்பில் செய்து வைத்திருந்த வேலையை, மலை முழுவதற்கும் பொதுவான வளம் என்று நிபுணர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்டுதோறும் பெய்த மழையும் சேர்ந்துகொண்டது. எந்திரங்கள் நிலம்பூரிலிருந்து கார்க்கூர் கணவாய் வழியாக ஏற்றப்பட வேண்டும். ஜூனில் பாதை சேறாகிவிடும். மாட்டுவண்டி அச்சு முறியும். நிறுவப்படாமலேயே பல எந்திரங்கள் மலைச்சரிவில் கிடந்து துருப்பிடித்தன. மலையைக் குடைந்த சுரங்கங்களில் ஊற்று நீர் நிறைந்தது. மழைக்கு முன்னும் பின்னும் மலைக்காய்ச்சல் வந்து கூலியாட்களையும் துரைமார்களையும் பேதமில்லாமல் கொண்டுபோனது. அதே 1880களில், மழை குறைந்த மைசூர்ப் பீடபூமியில் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டிய கோலார் வயல் பிழைத்துக்கொண்டது. 2001 பிப்ரவரி 28 வரை தங்கம் தந்தது. அங்கே படுகை வளமானது என்பதே முதல் காரணம். ஆனால் ஆண்டு முழுவதும் வேலை நடத்த முடிந்த காலநிலையை ஒதுக்கிவிட முடியாது.

தங்கம் போன மலையில் தேயிலை ஏறியது. அதோடு நம் கரிசல் பக்கத்து மக்களின் கதை இங்கே வந்து சேர்கிறது. தென்கிழக்கு வயநாடு நீலகிரியோடு சேர்ந்த 1877ஆம் ஆண்டில் தமிழகச் சமவெளி தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகளோடு மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. வானம் பொய்த்ததால் போனவர்கள். ஏறத்தாழ மூன்று தலைமுறை கழித்து, 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரு பிரதமர்கள் கணக்குத் தீர்த்தார்கள். திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக அரசு நீலகிரியில் தேயிலை பயிரிட்டது. அதுவே பின்னர் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. சேரம்பாடி, நெல்லியாளம், கொளப்பள்ளி, தேவாலா என்று லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், எழுந்தன. பாட்டன் மழையில்லாமல் விட்டுப்போன நாட்டுக்கே பேரன் திரும்பினான். ஆனால் இறக்கிவிடப்பட்டது மழை விடாத மலையில்.

இங்கே நில உரிமை ஒரு தனி நரகம். 1969இல் தமிழக அரசு கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பால்மாடீஸ் தோட்ட வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் அதில் காடுகள் பற்றிய பகுதியை ஏற்கவில்லை. பிறகு அச்சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அந்த அட்டவணையில் வைத்தால் எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் தொட முடியாதா என்ற கேள்விக்கு 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்று படிக்கப்படும் ஐ. ஆர். கொயலோ வழக்கின் வேர் இந்தக் கூடலூர் மண்தான். நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரு கொள்கை கிடைத்துவிட்டது. வழக்கு பிறந்த மண்ணில், பட்டா இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படியே இருக்கின்றன. நலிந்துபோன டான்டீ தன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டதை வனத்துறையிடம் திருப்பித் தருவதென்று 2022இல் முடிவானபோது, லயத்து மக்கள் மறுபடியும் எங்கே போவது என்று கேட்டார்கள்.

பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் யாரும் கொண்டுவந்து இறக்காமல் அங்கேயே இருந்தவர்கள். தங்கம் இருக்கும் ஓடைகளை அவர்களிடம்தான் ஒவ்வொரு தேடலும் முதலில் கேட்டது. எந்தக் கம்பெனியின் பங்கிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை.

மழைக்காலம் அங்கே ஒரு வாழ்க்கை முறை. வைகாசியிலேயே விறகைப் பிளந்து அடுப்படிக்கு மேல் அடுக்கிவிடுவார்கள். கருவாடும் பயறும் வாங்கி வைப்பார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, தலையில் கொங்காணி போட்டு, அட்டைக்கடிக்கு உப்போ புகையிலையோ மடியில் முடிந்துகொண்டு மலையேறுவார்கள். நனைந்த கொழுந்து எடை கூடும் என்பதால் நிறுவையில் கழிவு பிடிப்பார்கள். அந்தக் கழிவைப் பற்றிய சண்டை ஒவ்வொரு மழைக்கும் உண்டு. காற்று கிளம்பினால் நிழல் மரங்கள் கம்பியின் மேல் சாயும், மின்சாரம் போகும். நாடுகாணிச் சாலையில் மண் சரிந்தால் கேரளத்துப் போக்கு நிற்கும். உதகைச் சாலையில் சரிந்தால் மருத்துவமனையே தூரமாகிவிடும்.

பழைய மழைக்கும் இன்றைய மழைக்கும் வேறுபாடு வந்திருக்கிறது. நான்கு மாதம் பரவிப் பெய்ததில் பெரும் பங்கு சில நாட்களிலேயே கொட்டிவிடுவதுண்டு. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செண்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அதே நாட்களில் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலும் வீடுகளும் சாலைகளும் போயின. 2024 ஜூலை 30 அதிகாலையில், எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைத் தோட்டக் குடியிருப்புகளை மலை இறங்கி அடித்துக்கொண்டு போனது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடல்களைச் சாலியாறு நிலம்பூர் வரை இழுத்துச் சென்றது. ஒரு காலத்தில் தங்கம் அரிக்கப்பட்ட அதே ஆறு.

தேவாலாவைச் சுற்றிய மலைகளில் அந்தக் கம்பெனிகள் குடைந்த சுரங்கங்கள் இன்னும் வாய் திறந்தபடி கிடக்கின்றன. சில புதருக்குள் மறைந்துவிட்டன. சிலவற்றுக்குள் இன்றும் அனுமதியின்றி இறங்கிக் கல்லை உடைத்து, பாதரசம் போட்டுத் தங்கம் பிரிக்கிறார்கள். தோட்டக்கூலி குடும்பத்துக்குப் போதவில்லை என்றால் அந்த இருட்டுக்குள் ஆள் இறங்குவது நிற்காது. உள்ளே மூச்சுத்திணறி இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. குடையப்பட்ட சரிவுக்குள் மழைநீர் இறங்கினால், வெளியே தெரியாத வழியில் அது சேர்ந்து நிற்கும்; மேலே இருக்கும் மண்ணின் பிடி தளரும்.

பிரஃப் ஸ்மித்தின் அறிக்கையும், ஹேடன்–ஹாட்சின் ஆய்வும் சுரங்கங்களின் இருப்பிடத்தை விவரமாகச் சொல்கின்றன. தங்கத்துக்காகத் திரட்டப்பட்ட அந்த விவரம் இன்று உயிர் காக்கப் பயன்பட முடியும். மாவட்ட நிர்வாகமும் நிலவியல் துறையும் அவற்றை மண்சரிவு அபாய வரைபடத்தோடு ஒன்றாக வைத்து, எந்த லயத்துக்கு மேல், எந்தக் குடியிருப்புக்குப் பின்னால் பழைய சுரங்கம் இருக்கிறது என்று ஊர் ஊராகக் குறித்து, பள்ளிக்கூடச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்ட வேண்டும். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குப் பட்டா இருக்கிறதா இல்லையா என்று அப்போது பார்க்க வேண்டாம். அடுத்த ஆனி மழைக்குள் இது முடிய வேண்டும்.